நத்தாரும் வன்னி உழவரும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்றால் முரசுமோட்டை என்னும் உழவர் கிராமத்தை அடைவோம். மோட்டை என்பது வன்னி வழக்கிலே சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். நீரின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய இவ்வூரின் வாழ்வும் நீரை நம்பியதே. தெற்கே இரணைமடுக் குளம். அதன் வாய்க்கால்களால் வளம் பெறும் வயல்கள். சுண்டிக்குளக் கடனீரேரியை நோக்கி ஓடும் கனகராயன் ஆறு. கார்த்திகைத் திங்களில் வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது இந்நிலப்பரப்பு முழுவதும் பச்சை நிறங் கொள்கின்றது. காலபோக நெல் வளர்ந்து நிற்கும். வரம்புகள் வழுக்கும். உழவனின் கண் நாள்தோறும் வானத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கத்தோலிக்கரின் வழிபாட்டு ஆண்டு பிறப்பதும் இவ்வேளையிலேதான். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது திருவருகைக் காலம். இந்நாட்களிலே குருவானவர் ஊதா நிற உடை அணிவார். ஞாயிற்றுப் பூசையில் மகிமைக் கீதம் பாடப்படுவதில்லை. பீடம் ஆடம்பரமின்றி இருக்கும். மேலைத் திருச்சபையில் 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெறத் தொடங்கிய இக்காலத்தின் பொருள் ஒரே சொல்லில் அடங்கும்: காத்திருத்தல். அயல்வீட்டுச் சைவர்களும் ஏறத்தாழ இதே நாட்களிலேதான் பிள்ளையார் பெருங்கதை விரதம் காக்கின்றனர். அதனைத் தொடர்ந்து திருவெம்பாவை வருகின்றது. மழை பெய்யும் விடியற்பொழுதில் ஒரு திசையிலிருந்து சங்கொலியும் மறு திசையிலிருந்து கோயில் மணியும் ஒரே வயல்வெளியின்மீது தவழ்ந்து வருவதை வன்னியிலே வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய பொருளாதார உண்மையொன்று உண்டு. தைப்பொங்கல் அறுவடையின் வாசலிலே வரும் விழா. நத்தாரோ அறுவடைக்கு முன்னர், உழவு கூலிக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் கைப்பணம் எல்லாம் போய்விட்ட பின்னர் வருவது. சென்ற போகத்து நெல் மூட்டைகள் குறைந்திருக்கும். வரப்போகும் நெல் இன்னும் பால் பிடித்திராது. பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை வாங்கவும் கடைக்காரரிடம் கணக்கு வைக்கவேண்டிய காலம் அது. நெல்லைக் கொள்முதல் செய்யும் நகரத்து வணிகனுக்கு டிசெம்பர் வியாபார மாதம். நெல்லை விளைவிக்கும் குடும்பத்துக்கோ அது கடன் மாதம். இத்தகைய காலத்திலே வரும் விழாவை ஒரு சிற்றூர் எவ்வாறு கொண்டாடுகின்றது, யாருடைய உழைப்பினால் கொண்டாடுகின்றது என்ற வினாவை எழுப்பினால், நாம் எதிர்பாராத ஒரு சரித்திரத்தினுள் புகவேண்டியவர்களாகின்றோம்.

இவ்விடயத்திலே இரு முடிவுகள் நம்மிடையே வழங்குகின்றன. கிறித்தவம் அந்நியர் வாளோடு வந்தது, ஆகவே அதன் விழாக்களும் ஏகாதிபத்தியத்தின் எச்சங்களே என்பது ஒன்று. குருமாரும் துறவிகளும் அரும்பாடுபட்டு வளர்த்த பயிரே வன்னித் திருச்சபை என்பது மற்றது. முன்னது சிலருடைய மேடைப் பேச்சில் வருவது. பின்னது விழா மலர்களில் வருவது. இரண்டிலும் உண்மையின் பகுதி உண்டு. ஆனால் இரண்டும் ஒரே குறையை உடையன. கோயிலின் தரையிலே அமர்ந்திருந்த சாதாரண மனிதன் இரண்டு கதைகளிலும் இல்லை.

வாளோடு வந்த விழா

நத்தார் என்ற சொல்லே அதன் வரலாற்றைச் சொல்லும். பிறப்பு விழாவைக் குறிக்கும் போர்த்துக்கேய மொழியின் 'நத்தால்' நம் நாவிலே நத்தார் ஆயிற்று. பாண், அலுமாரி, சன்னல் ஆகிய சொற்களைத் தந்த அதே கப்பல்களிலேதான் இச்சொல்லும் வந்திறங்கிற்று. தமிழ்நாட்டுக் கிறித்தவர் இதனை அறியார். ஈழத்துத் தமிழருக்கோ இது வீட்டுச்சொல்.

அக்கப்பல்கள் கொண்டுவந்தவை சொற்கள் மட்டுமல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1544ஆம் ஆண்டில் மன்னாரிலே புதிதாக மதம் மாறியோர் பல நூற்றுவர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையினாற் கொல்லப்பட்டனர். அரசன் அவர்களைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் அவர்களுடைய செபமன்று. அவர்களுக்குப் பின்னால் நின்ற போர்த்துக்கேயக் கடற்படையே. இரு அதிகாரங்களின் மோதலிலே உயிரைக் கொடுத்தவர்கள் கரையோர எளிய மக்கள். 1619இல் பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. ஒருவரது வழிபாட்டிடத்தை இடித்து மற்றொருவரது வழிபாட்டிடத்தை எழுப்புவது எந்நாட்டில், எவராற் செய்யப்பட்டாலும் அநீதியே. பிற்காலத்தில் தம் கோயில்களின்மீது குண்டு விழக் கண்ட மக்கள் இதனை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இதிலே ஒரு முரண்பாடும் உண்டு. போர்த்துக்கேயருடன் யாழ்ப்பாணம் வந்த துறவிகளுள் முதன்மையானோர் பிரான்சிஸ்கன் சபையினர். அச்சபையை நிறுவிய அசிசி நகர் பிரான்சிஸ் வறுமையைத் தன் மணமகளாகக் கொண்டவர். 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில், இத்தாலியின் கிரேச்சியோ என்னும் மலைக்கிராமத்திலே, வைக்கோலும் தீவனத்தொட்டியும் எருதும் கழுதையும் கொண்டு யேசு பிறந்த தொழுவத்தை மக்கள் கண்முன் அமைத்துக் காட்டியவர் அவரே. இன்று நாம் பாலன் குடில் என்று அழைப்பதன் மூலம் அதுதான். அரண்மனைகளிலும் பேராலயங்களிலும் பொன்மயமாகிப்போன விழாவை மீண்டும் மாட்டுத்தொழுவத்துக்குக் கொண்டுவந்த செயல் அது. அவருடைய சீடர்கள் நான்கு நூற்றாண்டுகளின்பின் படைத்தளபதிகளின் நிழலிலே நம் கரையில் இறங்கினர். ஆயினும் வைக்கோலின் செய்தி தளபதியின் செய்தியைக் காட்டிலும் நீண்டகாலம் இம்மண்ணில் வாழ்ந்தது. அது எவ்வாறு வாழ்ந்தது என்பதே நமது கேள்வி.

குருவில்லா மார்கழிகள்

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். குருவுக்கு அடைக்கலந் தருவோர்க்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. பங்குக் கோயில்கள் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் இக்கோயில்களையும் பாடசாலைகளையும் ஒவ்வொன்றாக விவரித்துள்ளார்.

ஒல்லாந்தரின் ஆயுதங்களுள் வாளைவிடக் கூரியது பதிவேடு. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய சபையிலே பதியப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். பதிவில்லாத திருமணத்தின் பிள்ளைக்குச் சொத்துரிமையிலே சிக்கல். உத்தியோகம் வேண்டுமெனில் அரசு மதம் வேண்டும். ஆகவே காணி உள்ளவர்களிற் பலர் பெயருக்குச் சீர்திருத்த சபையினராயினர். வீட்டினுள்ளே சைவர் சைவராகவும் கத்தோலிக்கர் கத்தோலிக்கராகவும் இருந்தனர். வணிகக் கும்பினி ஒன்று மக்களின் மனச்சாட்சியைக் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டிவைத்த கதை இது.

இக்காலத்திலே வன்னிக்காடு ஒரு புகலிடமாயிற்று. வன்னியர் தலைவர்களின் நிலப்பரப்பிலே ஒல்லாந்தரின் கை முழுவதுமாக எட்டவில்லை. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுவழியே மருதமடுவை அடைந்தன என்று மடுக் கோயிலின் மரபு கூறும். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்தோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர் என்பர். இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் அத்தலத்தின் தொடக்கம் ஓர் அகதி முகாமே. அந்த உருவத்துக்கு மீண்டும் அதே விதி நேர்ந்தது. போர் நெருங்கியபோது 2008 ஏப்பிரலில் அது தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகத்திலே திரும்பி வந்தது.

1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நிலையான குரு ஒருவரின்றி வாழ்ந்தனர். கணக்கிட்டுப் பார்த்தால் அவை 29 நத்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மணியோசை இல்லை. திருச்சபைச் சட்டத்தின்படி நத்தாரின் உயிர் பூசையே. அப்பூசையில்லாத ஊரிலே, 1658இல் பிறந்த குழந்தையொன்று வளர்ந்து, மணந்து, தானும் பிள்ளை பெற்ற காலம் வரை, மார்கழி 25 எந்நாள் என்பது மறக்கப்படவில்லை. அந்நாளை நினைவில் வைத்திருந்தவர்கள் யார்? ஆயர்கள் அல்லர்; அரசர்கள் அல்லர். இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்த தாய்மார். கூரைக்குள்ளே செபமாலையை மறைத்து வைத்த தகப்பன்மார்.

1689: ஒரு நத்தார் இரவு

1687ஆம் ஆண்டில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கூலியின் கோலத்திலே கடல் கடந்து யோசப் வாஸ் என்னும் கோவைக் குரு யாழ்ப்பாணம் வந்தார். கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்திற் பிறந்த அவர், நோயுற்று, பிச்சைக்காரனைப் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை அணிந்துகொண்டு, அதனை அடையாளங் காண்போர் யார் என்று பார்த்தே மக்களைக் கண்டுபிடித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. சில்லாலைக் கிராமம் அவருக்கு இடந் தந்தது. பகலிலே மறைந்திருந்து இரவிலே பூசை செய்தார்.

1689 டிசெம்பர் 24ஆம் நாள் இரவு. யாழ்ப்பாணத்திலே நத்தார்ப் பூசைக்காக மக்கள் வீடுகளிலே இரகசியமாகக் கூடியிருந்தனர். செய்தி அதிகாரிகளுக்கு எட்டியிருந்தது. ஒல்லாந்தப் படையினர் கதவுகளை உடைத்து உட்புகுந்தனர். திருவுருவங்கள் சிதைக்கப்பட்டன. ஆண்களும் பெண்களுமாகச் சில நூறு பேர் பிடிபட்டனர். பெண்கள் விடுவிக்கப்பட்டனர், ஆண்கள் சிறையும் அபராதமும் பெற்றனர். முக்கியமானோர் எனக் கருதப்பட்ட எட்டுப் பேருக்குக் கொடிய தண்டனை. ஒருவர் அடியின் கொடுமையினால் உயிர் நீத்தார்; எஞ்சியோர் விலங்கிடப்பட்டு ஆயுட்காலக் கடுவேலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் தேடிய குருவோ பிடிபடவில்லை. அவர் வன்னியையும் புத்தளத்தையும் கடந்து 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கே உளவாளி எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டாலும், பின்னர் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நிழலிலே பணிபுரிந்து 1711 சனவரி 16இல் காலமானார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிசினாற் புனிதர் என அறிவிக்கப்பட்டார்.

வாஸ் அடிகளின் துணிவை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த இரவைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். குரு தப்பினார், மக்கள் பிடிபட்டனர். குருவின் பெயர் உலகெங்கும் பீடங்களில் உச்சரிக்கப்படுகின்றது. கூடியிருந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் நமக்கில்லை. அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தவர்களல்லர். ஓர் ஏழைக் குழந்தை பிறந்ததை நினைவுகூர ஒன்றுகூடினர், அதுவே குற்றமாயிற்று. கறுவாவும் யானையும் முத்தும் ஏற்றுமதி செய்து இலாபமீட்டிய ஒரு வணிகக் கும்பினி, மக்கள் தன் அனுமதியின்றி ஓர் இரவு கூடுவதைக் கண்டு அஞ்சியது. மக்கள் தம் விருப்பத்தினாற் கூடுவதையே எக்காலத்து ஆட்சியும் முதலில் அஞ்சுகின்றது.

வாஸ் அடிகளும் அவருக்குப் பின் கோவையிலிருந்து வந்த ஒறற்றோரியன் சபையினரும் இவ்வுண்மையை உணர்ந்தே செயலாற்றினர். ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோதான் ஒரு குரு ஓர் ஊருக்கு வரமுடியும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவர், அண்ணாவியார் ஒருவர் என நியமிக்கப்பட்டனர். மூப்பர் கோயிலைப் பராமரித்தார்; அண்ணாவியார் செபமும் பாட்டும் கற்பித்தார். அண்ணாவியார் என்பது நம் கூத்துக் கலையின் ஆசானுக்கும் பெயர் என்பதை இங்கே நினைவுகொள்க. மன்னார்ப் பகுதி மக்கள் ஆடிவந்த மூவிராசாக்கள் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இற் பதிப்பித்தார். விண்மீனைத் தொடர்ந்த மூன்று அரசரும், தொட்டிலில் உள்ள குழந்தையைக் கண்டு நடுங்கிய ஏரோதும் நம் மண்ணின் தாளத்திலே ஆடியவர்கள். சட்டம் மூடிய கதவின் வழியே வரமுடியாத வேதம், கூத்துக் களரியின் வழியே ஊருக்குள் வந்தது.

சுதந்திரமும் வேலிகளும்

ஆங்கிலேயர் 1796இற் கரையோரங்களைக் கைப்பற்றினர். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் பிரான்சு நாட்டிலிருந்து வரத் தொடங்கினர். பாடசாலைகள் எழுந்தன, அச்சுக்கூடங்கள் தோன்றின, கல்லாலான கோயில்கள் உயர்ந்தன. இவற்றாற் பெற்ற பயனை நாம் மறுக்கவில்லை.

எனினும் ஒளிந்திருந்த காலத்திலே தோளோடு தோள் நின்ற மக்களிடையே, சுதந்திரங் கிடைத்தபின் வேலிகள் எழுந்ததையும் மறைக்க முடியாது. யாழ்ப்பாணத்துச் சாதி, கோயில் வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தது. இன்னார் இன்ன பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற வழக்கம் பல கோயில்களிலே நெடுங்காலம் நிலவியது. தொழுவத்திற் பிறந்தவனின் வீட்டிலே தொழும்பனுக்குப் பின்வரிசை. இம்முரண்பாட்டை உள்ளிருந்தே எதிர்த்த குருமாரும் பொதுநிலையினரும் இருந்தனர். ஆயினும் எதிர்ப்பு மெதுவாகவே வென்றது.

மற்றொரு வேலி மொழி. நடுச்சாமப் பூசையிலே உழவனும் மீனவனும் கேட்டது இலத்தீன் மொழி. வெளியே தமிழிற் பாட்டும் கூத்தும். உள்ளே பீடத்தில் அறியாத மொழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் சாசனத்தை 1963 டிசெம்பர் 4ஆம் நாள் வெளியிட்டது. அது திருவருகைக் காலத்தின் முதல் வாரம். அதன்பின்னரே தமிழ் பீடத்தின்மீது ஏறிற்று. நூற்றாண்டுகளாக மக்களின் வாயிலே வாழ்ந்த ஒன்றைத் திருச்சபை பிந்தியே ஏற்றுக்கொண்டது என்பதே சரியான கூற்று.

குளத்தின் கீழே ஒரு சமுதாயம்

முரசுமோட்டைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் வன்னி, உடைந்த குளங்களும் மலேரியாவும் மலிந்த, ஆள் அருகிய நாடு. 1902இல் இரணைமடுவின் கட்டுமானம் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகளில் நிறைவுற்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் குடியேற்றத்துக்கு வழிவகுத்தது. குடாநாட்டிலே நிலமில்லாதோரும் நிலம் போதாதோரும் கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் அதனை அண்டிய ஊர்களுக்கும் வந்தனர். காடு வெட்டினர்; யானையோடும் காய்ச்சலோடும் போராடினர். இரண்டாம் உலகப்போரின் பின்னர் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்ததும் குடியேற்றம் வேகங்கொண்டது. பின்னர் மலையகத் தமிழர் வந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களினால் விரட்டப்பட்ட அவர்களிற் பலருக்கு வன்னியிலே கிடைத்தது சொந்த வயலன்று, பிறர் வயலிற் கூலிவேலையே.

இத்தகைய குடியேற்ற ஊரிலே ஒரு கோயில் எவ்வாறு உருவாகின்றது? முதலிலே கிடுகுக் கொட்டில். மாதமொருமுறை வந்துபோகும் குரு. இடைப்பட்ட ஞாயிறுகளிலே செபம் நடத்தும் உபதேசியார். ஒல்லாந்தர் காலத்து மூப்பரும் அண்ணாவியாரும் வேறு பெயர்களோடு இங்கே மீண்டும் தோன்றுகின்றனர். திருவருகைக் காலம் பிறந்ததும் வேலை பகிரப்படும். ஒருவர் கூரை மேய ஓலை தருவார். ஒருவர் வண்டி தருவார். பணமில்லாதவர் உடலுழைப்பைத் தருவார். இளைஞர் களிமண்ணும் வைக்கோலுங் கொண்டு பாலன் குடில் கட்டுவர். நகரத்துக் குடிலுக்கு வைக்கோல் விலைக்கு வரவேண்டும். இங்கே வீட்டுக் கோடியிலே போர் போராக உண்டு. மாட்டுக்கொட்டிலை இவர்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இரவிலே அரிக்கன் விளக்குடன் மழையில் நனைந்து வீடு வீடாகச் சென்று கீதம் பாடுவர். சைவ வீடுகளிலும் அவர்களுக்குத் தேநீர் உண்டு. பாடசாலைகளிலே ஒளிவிழா நடைபெறும். அதிலே மரியாளாகவும் இடையனாகவும் நடிக்கும் பிள்ளைகளிற் பலர் சைவப் பிள்ளைகளே. பெண்கள் பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் ஒரு வீட்டு முற்றத்திலே கூடிச் செய்வர். இவ்வுழைப்பிலே மிகப் பெரும்பங்கு அவர்களுடையது. கோயிற் சபையின் ஆசனங்களிலே மிகச் சிறுபங்கும் அவர்களுக்கே என்பதையும் சொல்லித்தானாக வேண்டும்.

காணி உள்ளவனும் கூலியாளும் அந்த இரவிலே ஒரே பாயில் இருப்பதனால் வர்க்க வேறுபாடு மறைந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. விடிந்ததும் ஒருவன் வரம்பின்மேலும் மற்றவன் சேற்றிலும் நிற்பர். ஆயினும் வறுமை மாதத்திலே, இலாபநோக்கின்றி, கூட்டுழைப்பினால் ஒரு காரியத்தை முடிக்கும் பழக்கம் சாமானியமான சொத்தன்று. குளத்து வாய்க்காலைத் துப்புரவாக்கவும், வெள்ளத்திலே அயலானைத் தூக்கவும் பயன்பட்டது அதே பழக்கமே.

நான்கு ஞாயிறுகள்

அண்மைக் கால வரலாறு இப்பழக்கத்தைக் கொடிய முறையிலே சோதித்தது. 2004இல் நத்தார் சனிக்கிழமை வந்தது. மறுநாள், டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியது. அங்கிருந்த புனித இராயப்பர் கோயிலும் அழிந்தது. தப்பியோர் உள்நாட்டை நோக்கி ஓடிவந்தனர். முதல்நாள் விழாவுக்குச் சமைத்த பாத்திரங்களே அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச உதவின என்றால் அது மிகையாகாது.

2008இல் திருவருகைக் காலம் நவம்பர் 30இலே பிறந்தது. அதற்குச் சில நாட்களின் முன்னரே நிஷா சூறாவளியின் மழை வன்னியை மூழ்கடித்திருந்தது. ஐக்கிய நாடுகளின் பணியாளரும் பிற சர்வதேச நிறுவனத்தாரும் அரசின் கட்டளைப்படி செப்டெம்பரிலேயே வெளியேறிவிட்டனர். மக்களோடு எஞ்சியோர் அவர்களுடைய சொந்தக் குருமாரும் துறவிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களுமே. 2009 சனவரி 1இல் பரந்தனும் 2இல் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின. பரந்தன்–முல்லைத்தீவு வீதி, முரசுமோட்டை வழியே கிழக்கு நோக்கி நகரும் மனிதர்களின் வீதியாயிற்று. விளைந்துகொண்டிருந்த காலபோக நெல்லை வயலிலே விட்டுவிட்டு உழவர் நடந்தனர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அந்நடை நீண்டது. மே 18இல், உருத்திரபுரம் பங்குக் குரு சரத்ஜீவன் அடிகள் மக்களோடு வெளியேறும் வேளையில் உயிர் நீத்தார். அன்று சரணடைந்தோருடன் சென்ற முதிய குரு பிரான்சிஸ் யோசப் அடிகள் அதன்பின் காணப்படவில்லை.

1689இல் குரு தப்பினார், மக்கள் பிடிபட்டனர் என்றோம். 2009இல் குருவுக்கும் மக்களுக்கும் ஒரே விதி. வன்னித் திருச்சபை தன் மக்களுக்குச் செலுத்திய கடன் என்று இதனைக் கூறலாம்.

போர் முடிந்தபின் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம். அகுஸ்து இராயனின் கட்டளைப்படி பெயர் பதிவதற்காக, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் கணவனோடு நெடுவழி நடந்தாள், தங்க இடமின்றித் தொழுவத்திற் பெற்றாள் என்று லூக்காசின் சுவிசேஷம் கூறுகின்றது. பதிவு அட்டைக்காக முள்வேலிக்குள்ளே வரிசையில் நின்ற தாய்மாருக்கு இவ்வாசகத்தின் பொருளை எந்தப் பிரசங்கியும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2009 டிசெம்பர் முதலாம் நாள், திருவருகையின் முதல் வாரத்திலே, முகாமிலிருந்தோர்க்கு வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான்.

திரும்பிவந்தோர் மீண்டும் உழுதனர். 2018 டிசெம்பர் 21, 22ஆம் நாட்களிலே, நான்காம் ஞாயிற்றின் தறுவாயில், பெருமழை கொட்டிற்று. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கீழேயுள்ள முரசுமோட்டை, கண்டாவளைப் பகுதிகளின் வீடுகளும் வயல்களும் நீரில் ஆழ்ந்தன. பலருக்கு அவ்வாண்டு நத்தார் பாடசாலைக் கட்டடங்களிலே கழிந்தது. போரிலே மீந்ததை வெள்ளம் கொண்டுபோனாலும், அடுத்த ஐப்பசியிலே விதைத்தவர்களும் அவர்களே.

காத்திருத்தல் என்பது

திருச்சபையின் நாட்காட்டியிலே நத்தாருக்கு மூன்றாம் நாள், டிசெம்பர் 28, ஏரோதினாற் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிறப்பின் மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே, அதிகாரத்தின் அச்சம் கொன்ற பிள்ளைகளின் நினைவையும் அது வைத்திருக்கின்றது. நகரத்து வணிக நத்தார் இந்நாளை மறந்துவிட்டது. வன்னி மறக்க முடியாது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுகளாகத் தொடர்ந்தது. அவர்களுள்ளே திருநீறு அணிந்தவரும் உண்டு. செபமாலை அணிந்தவரும் உண்டு. திருவருகைக் காலத்துக்கு நான்காம் ஞாயிறு என்றொரு முடிவு உண்டு. இத்தாய்மாரின் காத்திருத்தலுக்கு எவரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

காத்திருத்தல் அடங்கிக் கிடத்தல் என்றும், மதம் மக்களுக்கு அதனையே கற்பித்தது என்றும் நம்மிற் பலர் எழுதியுள்ளோம். அவ்வாறு கற்பித்த பிரசங்கங்கள் உண்டு. அவற்றை மறுப்பது நம் கடமை. ஆனால் வன்னியின் சரித்திரம் வேறொரு காத்திருத்தலையும் நமக்குக் காட்டுகின்றது. 29 மார்கழிகள் நாளை மறவாமல் வைத்திருந்த தாய்மாரின் காத்திருத்தல் அது. சவுக்கு விழும் என்று தெரிந்தும் ஓரிரவு ஒன்றுகூடிய மக்களின் காத்திருத்தல் அது. நெல்லை விட்டு நடந்தவன் திரும்பிவந்து மீண்டும் விதைக்கும் காத்திருத்தல் அது. உழவனைக் கேளுங்கள்: விதைத்தபின் காத்திருப்பதென்றால் களை பிடுங்குவது, வரம்பு கட்டுவது, நீர் மறிப்பது, இரவிலே காவலிருப்பது.

நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. புனிதர்களின் வரலாறும் தளபதிகளின் வரலாறும் எழுதப்பட்டுவிட்டன. முதற் கிடுகுக் கொட்டிலை எழுப்பியவர் யார், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் யார், முகாமிலே பிள்ளைகளுக்குக் கீதம் சொல்லிக்கொடுத்த பெண் யார், பின்வரிசையிலே இருத்தப்பட்டவர்கள் முன்னே வந்தது எந்த ஆண்டு ஆகியவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். வருகின்ற மார்கழியிலே, குடில் கட்ட வைக்கோல் கேட்டு ஒரு வீட்டு முற்றத்துக்குச் செல்லும் மாணவன், ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துச் செல்வானாக. 1689இன் பெயரற்ற நூற்றுவருக்கு நாம் செய்யத் தவறியதை, இன்றுள்ள மக்களுக்கேனும் செய்வோம்.